கண்ணாடி கொண்டுவராத மகனுக்கு

அன்பு மகன், அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். சந்தியில் பான் விற்கிறவர் வாசிக்கலாம், என்னிடம் படித்துவிட்டு இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள் வாசிக்கலாம், முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் வாசிக்கலாம். நீ மட்டும் வாசிக்க முடியாது. அதனால் வருகிற வெள்ளிக்கிழமை நீ லக்கலையிலிருந்து வந்து, ஜும்ஆ தொழுது, சோறு தின்று முடிந்ததும் உன்னை என் பக்கத்தில் உட்காரவைத்து நானே இதை வாசித்துக் காட்டப் போகிறேன். நடுவில் எழும்பிப் போகாதே. பக்கத்துக்கு ஒரு தடவை நான் நிறுத்திச் சுடுதண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் "போதும் வாப்பா, பொறகு பாப்போம்" என்று சொல்லாதே. இன்னும் மூன்று கிழமையில் கண்டியில் என் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எனக்குப் பொறகு கிடையாது.

இதை எழுதச் சொன்னவர் கொழும்பில் இருக்கும் பதிப்பாளர். அவர் கேட்டது இதையல்ல. என் புத்தகத்தின் முன்பிரதிகள் ஐம்பதைப் பள்ளிக்கூடங்களுக்கும் தெரிந்த ஆசிரியர்களுக்கும் அனுப்பியிருந்தார் அல்லவா, அதற்கு வந்த பாராட்டுகளைப் பற்றி நான் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம், அவருடைய சஞ்சிகையில் போடுவாராம். நானும் சந்தோஷமாகத்தான் பேனையை எடுத்தேன். எழுபத்தொரு வயதில் முதல் நாவல், அதுவும் சிறுவர்களுக்கு ஒரு சரித்திர நாவல், அச்சாகும் முன்பே பாராட்டு என்றால் யாருக்குத்தான் தலைகால் தெரியும். ஆனால் முதல் வரி எழுதியதும் அன்றைக்கு நீ கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்துவிட்டது. அதற்கு மேல் பதிப்பாளர் கேட்டது வரவில்லை, இதுதான் வந்தது.

புத்தகத்தின் கதை உனக்குத் தெரியாததல்ல. கண்டி ராசா காலத்தில் நம்முடைய ஆட்கள் பொதிமாடுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போய் உப்பு ஏற்றி வருவார்களே, தவளம் என்று சொல்வோமே, அந்தத் தவளத்தோடு போகிற காசிம் என்ற பதினொரு வயதுப் பையனின் கதை. நீ இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு படிக்கும்போது உன்னைக் காலையில் டவுன் ஸ்கூலுக்கு நடத்திக் கூட்டிப்போவேன். வீட்டிலிருந்து ஸ்கூல் கேட் வரைக்கும் இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்கும் தினமும் ஒரு துண்டு கதை சொல்வேன். கேட் வந்ததும் கதை நிற்கும், நீ உள்ளே போய்விடுவாய், நான் பஸ் பிடித்து என்னுடைய முஸ்லிம் பாடசாலைக்குப் போவேன். ஒரு நாள் நீ கேட்டாய், "வாப்பா, ஆகக் கடைசியா வர்ற மாட்டுக்கு என்ன பேரு?" கடைசி மாட்டுக்கெல்லாம் யார் பேர் வைக்கிறது என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "அப்ப அதுக்குப் பிந்தின்னு வைப்போம், எப்பவும் பிந்தித்தானே வருது" என்றாய். ஏழு வயது உனக்கு.

வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தப் பிந்தியைப் பற்றித்தான். காசிமை யாரும் கண்டுகொள்ளவில்லை, ராசாவையும் கண்டுகொள்ளவில்லை. நான் மூன்று வருஷம் கிடந்து தேடிய உப்பு வரி விவரம், பாதை விவரம் எதையும் ஒரு பிள்ளையும் ஏனென்று கேட்கவில்லை. மூதூரிலிருந்து ஒரு பிள்ளை, தம்பிக்கு வாசித்துக் காட்டியதாகவும், பிந்தி ஆற்றில் விழுந்த இடத்தில் தம்பி இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை என்றும் எழுதியிருக்கிறது. புத்தளத்துப் பையன் ஒருவன் மாடு நின்றுகொண்டு தூங்காது சேர், எங்கள் வீட்டில் மூன்று மாடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறான். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. பிறகு பக்கத்து வீட்டு மாட்டைப் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும் போலிருக்கிறது, அந்த வரியை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

நீ பிறப்பதற்கு முந்திய ஒரு விஷயத்தை இப்போது சொல்ல வேண்டும். உம்மாவுக்குக்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. கல்யாணம் முடித்த புதிதில் ஒரு காணி விஷயமாக மாத்தளை அரசாங்கக் கச்சேரிக்குப் போனேன். வெள்ளைச் சேர்ட், கழுத்தில் டை. படிவம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. பேசினால் சிங்களவன் தோற்றுப்போவான், அவ்வளவு நன்றாகப் பேசுவேன். எழுத்து மட்டும் தெரியாது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, வரும் மாதம் வாருங்கள் என்றார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த பியோனிடம் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னேன். தொழில் என்ன என்று கேட்டார். ஆசிரியர் என்றேன். அவர் பேனையைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பாவம், எழுதித்தான் தந்தார். வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது. எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அது யார் முன்னாலும் இப்படி நிற்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். உன்னைச் சிங்களத்தில் படிக்க டவுன் ஸ்கூலில் சேர்த்தது அதனால்தான்.

அந்த முடிவு தப்பென்று இன்றைக்கும் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. நீ வேலை பார்க்கிற கமநல சேவை நிலையத்துக்குப் போன வருஷம் வந்தேனே, நீ கவனித்திருக்க மாட்டாய். யானை மிதித்த வயலுக்கு நட்டஈடு கேட்டு ஒரு வயசான கமக்காரர் வந்து நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, அவரோடு சிங்களத்தில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே படிவத்தை நீயே நிரப்பிவிட்டாய். பின்னால் நின்றவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெருமையை நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அன்றைக்குப் பஸ் இல்லை, ரிவஸ்டன் பக்கம் மண் சரிந்திருக்கிறது என்று ஏதேதோ பேசிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் அந்த முடிவை நான் நடத்திய விதம் அசிங்கமானது. நம்முடைய பாடசாலையில் தமிழ் படிப்பித்தவன் நான். பிள்ளைகளைச் சிங்கள ஸ்கூலுக்கு மாற்ற விடுகைப் பத்திரம் கேட்டு வரும் தாய்மாரை நிற்கவைத்துப் பேசுவேன். தாய் பேசுற மொழிய விட்டுட்டுப் பிள்ளைய எங்க கொண்டுபோய் விடப் போறீங்க என்று மேடையில் பேசுகிற மாதிரிக் கேட்பேன். ஒரு நாள் ஒரு தாய், பழக்கடைக்காரரின் மனைவி, நான் பேசி முடியும் வரைக்கும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "சேர்ட மகன் எங்க படிக்கிறாரு?" என்றார். குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். பக்கத்தில் இருந்த ஆசிரியைகள் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் விடுகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் நான் வெட்கப்படவில்லை, வேறு தாய்மாரிடம் அதையேதான் பேசினேன்.

இனி நான் சொல்லப் போவது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் நல்லது என்று பல தடவை நினைத்திருக்கிறேன். உனக்கு ஒன்பது வயது, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கு முந்திய வருஷம். நான் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீ ஒரு புதுக் கொப்பியோடு வந்து நின்றாய். அட்டையில் உன் பெயரை அழகாகச் சிங்களத்தில் எழுதியிருந்தாய். "வாப்பா, நீங்க எழுதுற எழுத்த எனக்கும் சொல்லித் தாங்க" என்றாய். நான் தலையைத் தூக்காமல், "அது ஒங்களுக்குத் தேவையில்ல மகன், ஸ்கொலர்ஷிப் முடியட்டும்" என்றேன். உம்மா குசினியிலிருந்து, "பத்து நிமிசம் சொல்லிக் குடுத்தா என்னங்க கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள். அவள் மேல் பாய்ந்தேன். புள்ளட மண்டைய ரெண்டு பக்கமும் இழுக்க வேணாம் என்று கத்தினேன். நீ அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனாய். பிறகு அதில் கணக்குச் செய்திருந்ததைப் பார்த்தேன்.

ஸ்கொலர்ஷிப் முடிந்தது, நீ பாஸ் பண்ணினாய், சைக்கிள் வாங்கித் தந்தேன். நீ மறுபடியும் கேட்கவில்லை. நானாகவும் கூப்பிடவில்லை. குர்ஆன் மதரசாவில் அரபு எழுத்து படித்தாய். ஸ்கூலில் சிங்களம், ஆங்கிலம் படித்தாய். வீட்டில் பேசுகிற ஒரே பாஷைக்கு மட்டும் எழுத்தில்லாமல் வளர்ந்தாய். தமிழ் வாத்தியார் வீட்டில்தான் இது நடந்தது. பிள்ளை குழம்பிவிடும் என்று பயந்தேன் என்பது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்: நீ என் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இல்லை, அவர்களுக்கு ஒரு படி மேலே இருக்கிறாய் என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு கர்வம் இருந்தது. உனக்குத் தமிழ் எழுத்து தெரியாததையே ஒரு தகுதி மாதிரி வைத்துப் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பாராட்டுக் கடிதங்கள் வந்த கிழமை உம்மா வட்டிலாப்பம் செய்து எல்லாரையும் கூப்பிட்டாள். நீயும் மருமகளும் பேத்தி நுஹாவும் வந்தீர்கள். வீடு நிறைய ஆட்கள். என் கூட்டாளி ஜவ்பர், ரிட்டயர் ஆன போஸ்ட் மாஸ்டர், அவருக்கு எப்போதுமே ஆர்வம் அதிகம். கடிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவி உன் கையில் கொடுத்து, "மகன், நீங்க வாசிங்க. வாப்பாவ என்ன மாதிரிப் புகழ்ந்திருக்காங்கன்னு புள்ளட வாயால கேப்போம்" என்றார். எல்லாரும் உன் பக்கம் திரும்பினார்கள். நீ காகிதத்தை வாங்கி விரித்துப் பார்த்தாய். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாய். பிறகு சிரித்துக்கொண்டே, "கண்ணாடி கொண்டுவரல்ல மாமா" என்றாய். மகன், உனக்கு நாற்பத்திரண்டு வயது. லக்கலை மலையில் நிற்கும் யானையைக் கீழே ரோட்டிலிருந்து கண்டுபிடிக்கிற கண் உனக்கு. நீ வாழ்க்கையில் கண்ணாடி போட்டதில்லை.

மருமகள் நிலத்தைப் பார்த்தாள். உம்மா வட்டிலாப்பத் தட்டோடு உள்ளே போய்விட்டாள். நான் கடிதத்தை வாங்கி, கரகரத்த குரலில் வாசித்தேன். பிந்தி வந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். போகும்போது வாசலில் என்னிடம் தனியாகக் கேட்டாய். "அந்த மாட்டுப் பேரு நான் வச்சதுதானே வாப்பா?" ஆமாம் என்றேன். "கடைசில அது செத்துப் போகுமா?" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாற்பது வருஷ வாத்தியார் பழக்கத்தில் வாய் தானாக, "புத்தகம் வரட்டும், வாசிச்சுப் பாருங்க" என்றது. நீ தலையாட்டிவிட்டுப் போனாய். வாசலிலேயே நின்றேன். அதற்குப் பிறகு வந்த எந்தப் பாராட்டுக் கடிதத்தையும் நான் இரண்டாவது தடவை எடுத்துப் பார்க்கவில்லை.

அந்தக் கரகரப்புக்குத்தான் பிறகு கண்டிக்குப் போனோம். ஒன்றுக்கு மூன்று தடவை சோதித்தார்கள். டொக்டர் நல்ல மனுஷன், சின்ன வயது, மறைக்காமல் சிங்களத்தில் விளக்கினார். குரல்வளையை எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, பேச்சு போய்விடும், நாள் போகப் போக ஒரு கருவி வைத்துக் கொஞ்சம் சத்தம் எழுப்பலாம். பிறகு உன்னைப் பார்த்து, ஒரு சின்ன எழுதும் பலகை வாங்கி வையுங்கள், வாப்பா அதில் எழுதிக் காட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து வாசித்து எங்களுக்குச் சொல்லுங்கள் என்றார். நீ, சரி என்பதைச் சிங்களத்தில், "ஹரி டொக்டர்" என்றாய். நானும் தலையாட்டினேன். அவருக்கு எப்படித் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் நாம் இரண்டு பேரும் ஒரே சீட்டில் இருந்தோம். பஸ் அலவத்துகொடை தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வாப்பா, சிங்களத்துல எழுத வருமா?" என்றாய். "பேரு மட்டும் எழுதுவேன்" என்றேன். அதற்குப் பிறகு மாத்தளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வார்டில் நடக்கப் போவதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு நோகிறது என்று நான் எழுதுவேன், நீ அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸைத் தேடி ஓடுவாய், நர்ஸுக்கும் தமிழ் தெரிந்திருக்காது. உம்மாவை இரவு ஆண்கள் வார்டில் நிற்க விடமாட்டார்கள். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் என் எழுத்தை வாசித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள், என் மகனுக்கு நான் தண்ணீர் என்று எழுதினால் விளங்காது. இதை யாரிடம் போய்ச் சொல்வது.

புத்திமதி சொல்கிற தகுதி எனக்கு அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். நுஹா எந்த ஸ்கூலில் எந்த மொழியில் படித்தாலும் சரி, அது நீயும் மருமகளும் எடுத்த முடிவு, நான் வாய் வைக்க மாட்டேன். ஆனால் அவள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து எதையாவது சொல்லித் தா என்று நின்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிக் கொடு. உனக்குத் தெரியாததாக இருந்தால் தெரியாது என்று சொல். தேவையில்லை என்று மட்டும் சொல்லாதே.

நீ இப்போது தமிழ் எழுத்துப் படி என்று நான் கேட்க மாட்டேன். கேட்க வேண்டிய வயதில் நீ கேட்டாய், கொடுக்க வேண்டியவன் கொடுக்கவில்லை. அதனால் படிக்க வேண்டியது நான்தான். நுஹா போன லீவில் விட்டுப்போன முதலாம் வகுப்புச் சிங்களப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் இரண்டு மணித்தியாலம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். எல்லா எழுத்தும் எனக்கு ஒரே மாதிரி உருண்டையாகத் தெரிகிறது. உம்மா எட்டிப் பார்த்து, "ஒங்க வகுப்புல இப்பிடி எழுதியிருந்தா பிரம்பெடுத்திருப்பீங்க" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தாள். இதுவரைக்கும் ஆறு வார்த்தை எழுத வருகிறது. தண்ணீருக்கு வத்துர. நோகிறது என்பதற்கு ரிதெனவா. போதும் என்பதற்கு எத்தி. வேண்டாம் என்பதற்கு எப்பா. உன் பெயர், நுஹாவின் பெயர். ஆஸ்பத்திரியில் ஒரு மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன தேவைப்படப் போகிறது.

புத்தகத்தில் பதினான்கு அத்தியாயம் இருக்கிறது. குரலை மிச்சம் பிடியுங்கள் என்று டொக்டர் சொன்னார். யாருக்காக மிச்சம் பிடிக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நீ இங்கேயே நில், முடிந்த மட்டும் வாசிக்கிறேன். முடியாததை உம்மா வாசிப்பாள், அவள் என்னைவிட நிதானமாக வாசிப்பாள். ஆனால் அதற்கு முதல் ஒன்று இருக்கிறது. அதைப் பலகையில் எழுதிக் காட்டினால் நீயோ நானோ துடைத்துவிடத்தான் வேண்டும், அதனால் எந்த எழுத்திலும் அதை எழுதப் பழகவில்லை. இந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். என்னிடம் இருந்ததிலேயே நல்லதை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கேட்டு வந்த உன்னைத் திருப்பி அனுப்பினேன். என்னை மன்னிச்சுக்கங்க மகன்.